திருநீறு பூசிய பொட்டலங்கள்

உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்பது அம்மாவின் கட்சி. துபாய்க்கு வந்த பிறகும் அந்தக் கட்சியிலிருந்து அவள் இம்மியும் நகரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் தலைக்குக் குளியல், விளக்கு, சாம்பிராணி. கவுச்சி வாசனை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. திருநெல்வேலியில் இருந்தவரை இது யாருக்கும் சிரமமாகத் தெரிந்திருக்காது. ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த தேசத்திலோ வாரம் முழுவதும் வேலை வாங்கிவிட்டு வெள்ளிக்கிழமை ஒன்றைத்தான் முழு விடுமுறையாக விட்டார்கள். கறி சமைக்க நேரமும் சேர்ந்து தின்னக் கூட்டாளிகளும் வாய்க்கிற ஒரே நாளில் கறி கிடையாது. எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளின் பெருந்துயரம் அதுதான்.

ஆண்பிள்ளைகள் என்றால் இரண்டு பேர், அப்பாவும் அவருடைய தம்பியும். அப்பா ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். சிரிப்பதென்றாலும் யோசித்துச் சிரிக்கிற மனிதர். சித்தப்பா அவருக்கு நேர் எதிர். அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வெல்டிங் வைக்கிற வேலை. அங்கே தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தாலும் லீவு கிடைத்த உடனே சத்வாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார். பழைய வில்லா ஒன்றின் பாதியை நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏசி போட்டால் விமானம் கிளம்புவது மாதிரிச் சத்தம் வரும். ஆனால் பின்பக்கம் ஒரு மணல் முற்றமும் அதில் ஒரு வேப்பமரமும் உண்டு. அந்த முற்றத்தின் மேல் சித்தப்பாவுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

அவருடைய சூப்பர்வைசர் டெக்சாஸ்காரர். ஆள் கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். அவர் ஊரில் விறகின் புகையிலேயே கறியை வேக வைப்பார்களாம். சித்தப்பா ஒருமுறை அவர் வீட்டில் அதைத் தின்றுவிட்டு வந்தார், அன்றோடு சரி, மனிதர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வந்தாலும் போனாலும் அதே பேச்சு. ஆட்டின் விலாவைத் துண்டு போடாமல் முழுசாக வாங்க வேண்டும். எலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வைத் துணியால் பிடித்து உரிக்க வேண்டும். மசாலா தடவி ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். தீ ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம், நடுவில் புகை மட்டும் போய் வர வேண்டும். கறி நிறம் மாறிய பிறகு ஒவ்வொரு விலாவையும் ஃபாயில் காகிதத்தில் இறுகச் சுற்றி, தன் சாற்றிலேயே வேக விட வேண்டும். அப்புறம் எலும்பைப் பிடித்து இழுத்தால் கறி தானாகக் கழன்று வருமாம். இதைச் சொல்லும்போது சித்தப்பா விரலால் ஒரு இல்லாத எலும்பை இழுத்துக் காட்டுவார். எனக்கு வாயில் எச்சில் ஊறும்.

ஒருநாள் ஒர்க்‌ஷாப் பிக்கப்பில் ஒரு பெரிய எண்ணெய் டிரம்மை ஏற்றிக்கொண்டு வந்தார். அதை நெடுக்காகப் பிளந்து, கீல் வைத்து மூடியாக்கி, நான்கு கால் கொடுத்து, ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைப் புகைபோக்கியாக நட்டிருந்தார். வேப்பமரத்தடியில் அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. அம்மா சுற்றி வந்து பார்த்தாள். வெல்டிங் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

சூப்பர்வைசர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போவதாக முடிவானபோது, அவரை வழியனுப்ப ஒர்க்‌ஷாப் ஆட்களைக் கூட்டி ஒரு விருந்து வைக்க வேண்டுமென்று சித்தப்பா கிளம்பினார். குருவுக்கு அவர் வித்தையையே சமைத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. எல்லோருக்கும் லீவு வெள்ளிக்கிழமைதான். சித்தப்பா அம்மாவிடம் மன்றாடினார். இந்த ஊர்க்காரர்களுக்குச் சூரியன் மறைந்தால் வெள்ளிக்கிழமை முடிந்தது, அந்திக்கு மேல் சனிக்கிழமைதான், நாமும் அப்படி வைத்துக்கொள்ளலாமே என்றார். நம்முடைய வெள்ளிக்கிழமை சனிக்கிழமை விடிந்தால்தான் முடியும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது. அடுப்படி வாசற்படிக்கு அந்தப் பக்கம், முற்றத்தில், எதை வேண்டுமானாலும் எரித்துக்கொள்ளலாம். படிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு எலும்பும் வரக் கூடாது. வேலையெல்லாம் ஆண்பிள்ளைகளே செய்ய வேண்டும், அம்மா வெள்ளிக்கிழமை கறியைத் தொட மாட்டாள். சித்தப்பா அம்மாவின் காலில் விழாத குறை.

வியாழக்கிழமை அரைநாள் வேலை. மதியமே விலாக்கள் வந்து இறங்கின. முழு முழுப் பாளங்களாக, வீட்டில் இருந்த தாம்பாளம், சுளகு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. அன்றைக்கு வியாழக்கிழமைதானே, அம்மாவே உட்கார்ந்து சவ்வை உரித்துக் கொடுத்தாள். சூப்பர்வைசர் சொன்ன மசாலாவோடு எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடியும், ஊரிலிருந்து வந்த கருப்பட்டியும் சேர்ந்தன. எல்லாம் தடவி முடித்துக் கை கழுவுகிற நேரம் போன் அடித்தது. பேசியது பிற்பாடு எனக்குச் சித்தியாக வந்தவர். அன்றைக்கு அக்கா.

அந்த அக்கா ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தார். விசா மெடிக்கலுக்காக ரத்தம் கொடுக்கப் போன சித்தப்பா ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சரிந்துவிட்டார். இரும்பையே உருக்குகிற ஆள் இப்படி விழுந்ததைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். காதல் அங்கேதான் ஆரம்பம். அவர்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம். தாய் இல்லை, அப்பா மட்டும். அவர் மகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்து ஷார்ஜாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். சித்தப்பா போய்ப் பார்த்துப் பெண் கேட்டும்விட்டார். பெரியவர் வேறெதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கறி உண்டு என்பது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையாவது வீடு சுத்தமாக இருக்குமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். பளிங்கு மாதிரி இருக்கும் என்று சித்தப்பா சத்தியம் செய்திருந்தார்.

அந்தப் பெரியவர்தான் நாளைக்கு எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறாராம். சனிக்கிழமை ஊருக்கு விமானம். பார்த்துவிட்டு முடிவைச் சொல்வாராம். அக்கா போனில் சொல்லச் சொல்ல, சித்தப்பாவின் முகம் உரித்த சவ்வு மாதிரி வெளுத்தது.

விருந்தைத் தள்ளி வைக்க வழியில்லை. சூப்பர்வைசருக்கும் சனிக்கிழமைதான் பயணம். கேம்ப்பில் ஆட்களுக்குத் தகவல் சொல்லப் போன் கிடையாது. டிரம்மை நகர்த்த ஏழெட்டுப் பேர் வேண்டும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார். சித்தப்பா குப்பை லாரியைப் பற்றிக்கூட யோசித்தார் என்று நினைக்கிறேன். அம்மாதான் மேசையில் கிடந்த ஃபாயில் சுருளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தபடி சொன்னாள்.

"அவிய வர்றது சாயங்காலம். அதுக்குள்ள எல்லாத்தையும் இதுல சுத்திருங்க. சுத்திட்டா கெழங்குதான். யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

அது மட்டுமல்ல. நிஜமாகவே கிழங்கும் வைத்துவிடலாம் என்றாள். உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் வரிசையாக அடுக்கி, விலாப் பொட்டலம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு அதே மாதிரிச் சுற்றினால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. எங்களுக்கும் பெரியவருக்கும் கிழங்கு, மற்றவர்களுக்குக் கறி. எதில் எது என்று எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார், கணக்குப் பார்க்கிறவர் அல்லவா. கிழங்குப் பொட்டலத்துக்கெல்லாம் திருநீறு பூசிவிடலாம் என்றாள் அம்மா. அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் நிம்மதியடைந்தோம். நெருப்பும் சாம்பலுமாகப் புகையப் போகிற ஒரு டிரம்முக்குள் திருநீற்றை அடையாளமாக வைக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்தி கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கருவேல விறகு எரியத் தொடங்கியது. அந்தப் புகையின் வாசனையை நான் என்ன சொல்ல. வேப்பமரத்துக் காக்கைகள் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தன. தெருப் பூனைகள் மதில்மேல் வரிசையாக வந்து அமர்ந்துகொண்டன. அம்மா அதற்குப் போட்டியாக வீட்டுக்குள் சாம்பிராணி போட்டாள். வழக்கமான வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி அல்ல, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி. முன்னறையில் எதிரே இருக்கும் ஆள் தெரியவில்லை.

மதியம் தாண்டி, சித்தப்பா டிரம்மைத் திறந்து விலாக்களின் நிறத்தைப் பார்த்து ஆனந்தப்பட்டுக்கொண்டிருந்தார். செம்பருத்திச் சிவப்பில் பளபளவென்று கிடந்தன. இனி ஃபாயில் சுற்ற வேண்டியதுதான். அப்போது வாசல் மணி அடித்தது. பெரியவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

நான்தான் கதவைத் திறந்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் மூன்று பட்டை, ஒல்லியான உடம்பு. பின்னால் மஞ்சள் சேலையில் அக்கா. அக்காவுக்கு விஷயம் தெரியும். உள்ளே நுழைந்து மூக்கால் ஒரு மூச்சு இழுத்தவுடன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அம்மா ஓடி வந்து வரவேற்று உட்கார வைத்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று பெரியவர் கேட்டார்.

"பின்னால செடிக்குத் தண்ணி விடுதாவ ஐயா. இந்தா வந்துருவாவ," என்றாள் அம்மா. அந்த நேரத்தில் அப்பா முழங்கை வரை வெல்டிங் கையுறை மாட்டிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க ஒரு முழு விலாவைக் குழந்தையைப் போல ஏந்தி நின்றார். முற்றத்தில் செடி என்று ஒன்றும் கிடையாது.

என்னை ஓரமாக அழைத்து அம்மா உத்தரவு போட்டாள். "ஏட்டி, தாத்தாவ எந்திரிக்க விடாத. என்னத்தையாவது பேசு."

பேசச் சொல்லி எனக்கு உத்தரவு கிடைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாயை மூடு என்றுதான் இரண்டு தேசத்திலும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடப் பஸ், டிரைவரின் மீசை, என் தோழி வளர்க்கிற ஆமை, ஆமைக்குக் காது உண்டா இல்லையா என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்பக்கத்திலிருந்து அடக்கிய குரல்களும், ஃபாயில் கிழிபடுகிற சத்தமும், சித்தப்பா சூடு பட்டு "யாத்தே" என்று அலறுவதும் நடுநடுவே கேட்டன. அம்மா அடுப்படி வாசற்படியில் நின்றுகொண்டு, படியைத் தாண்டாமலே முற்றத்தை ஆட்டி வைத்தாள். ஒரு சுற்றுச் சுற்றினால் எலும்பு முனை குத்திக் கிழித்துவிடும், இரண்டு சுற்று போடுங்கள், ஓரத்தை மடியுங்கள், சாறு ஒழுகக் கூடாது என்று தாழ்ந்த குரலில் கட்டளைகள் போய்க்கொண்டிருந்தன. வழக்கமாக அம்மா ஃபாயிலைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுத் திரும்ப உபயோகிப்பவள். இரண்டு சுற்று போடச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது.

பெரியவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது என்ன வாசம்மா?" என்றார்.

"சாம்பிராணி தாத்தா."

"அது தெரியுது. அதுக்கு அடியில?"

நான் ஆமையின் காதுக்குத் திரும்பப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். வேட்டியைப் பிடித்து இழுக்கவா முடியும், அவர் நேராகப் பின்பக்கம் நடந்தார். நான் ஓடி முன்னால் போய்ப் பார்த்தபோது அம்மா சமையலறையில் கண்ணை மூடி நின்றிருந்தாள். முற்றத்தில் கடைசிப் பொட்டலத்தின் கடைசி மடிப்பை அப்பா மடித்து முடித்திருந்தார். டிரம் நிறைய வெள்ளிப் பொட்டலங்கள் அடுக்கடுக்காக மின்னின.

சித்தப்பா முகத்தில் கரியோடு கும்பிட்டார். கையுறையோடு கும்பிட்டால் கரடி கும்பிடுவது மாதிரி இருந்தது. பெரியவர் டிரம்மைப் பார்த்து இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

"கெழங்கு, ஐயா."

"அம்புட்டுமா?"

"ஒர்க்‌ஷாப்ல இருந்து ஆளுக வாராங்க. அவங்க கெழங்குன்னா உசிர விடுவாங்க," என்றார் சித்தப்பா.

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. புகைபோக்கியின் பக்கம் போய் நின்றார். காற்று அவர் பக்கம் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றவர், என்னைப் பார்த்து, ஆனால் எனக்கில்லாதது போலப் பேசினார். சின்ன வயதில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, பட்டாளத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக ஈராக்கில், பஸ்ராவில் இருந்தாராம். சாயங்காலம் ஆற்றங்கரையில் அரபிக்காரர்கள் ஆட்டை முழுசாக வாட்டுவார்களாம். கிடங்கில் இருக்கிற பையன்களையும் கூப்பிடுவார்களாம். "அந்த வாசம்..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. கல்யாணம் ஆனதோடு எல்லாம் போயிற்று என்று மட்டும் சொல்லி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே முற்றத்துக்கு வந்திருந்த அக்கா இதைக் கேட்கவில்லை, என் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்ற அம்மா கேட்டாள். அவள் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிக்கப் வந்து நின்றது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் பாய் பாய் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டபடி இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே மரம் மாதிரி சூப்பர்வைசர். அவர் வந்த வேகத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரிக்கக் கை வைத்தார். சித்தப்பா பாய்ந்து தடுத்து, காதில் ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் பெரியவரை ஒரு பார்வை பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது போலும். பெரியவருக்கு முன்னால் போய், குனிந்து, கை கூப்பி வணங்கினார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அந்த மனிதர் வாயிலிருந்து பொட்டேட்டோ என்ற சொல்லைத் தவிர வேறு வரவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு, வந்திருந்த பட்டாணியர்களும் மலையாளத்துக்காரர்களும் இந்தியில் ஆலு, ஆலு என்றார்கள். கிழங்குக்கு இப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பெரியவரை முன்னறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தோம். நான் திரும்பி வந்தபோது சித்தப்பா சாப்பாடு பரிமாறுவதற்காக டிரம்மின் மூடியைத் திறந்தார். உள்ளே அடங்கிக் கிடந்த சாம்பல் குப்பென்று எழும்பிப் பறந்து, பொட்டலங்களின் மேல் நிதானமாக இறங்கியது. சித்தப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை பொட்டலங்களும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சிவப்பழங்களாகக் கிடந்தன. எது கிழங்கு, எது ஆடு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"மதினி!" என்று சித்தப்பா கூப்பிட்ட குரலை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் பிரிக்கிற நேரம் பெரியவர் எழுந்து வந்துவிட்டால்? கல்யாணமே அந்த ஃபாயிலுக்குள்தான் இருந்தது.

அம்மா அன்றைக்கு முதன்முதலாக வாசற்படியைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பொட்டலங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள். சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிற அதே முகம். சிலவற்றை எடுத்து ஓரமாக வைத்து, இதெல்லாம் கிழங்கு என்றாள். பிற்பாடு பிரித்தபோது சரியாகவே இருந்தது. பிறகு அக்காவை அழைத்து, எல்லோருக்கும் குப்பூஸ் ரொட்டி பரிமாறும்படி சொல்லி முற்றத்திலேயே நிறுத்திவிட்டாள். அக்கா தட்டை வாங்கிக்கொண்டு திரும்பியதும், தானே ஒரு பொட்டலத்தைத் தட்டில் வைத்து, படியேறி, அடுப்படி வழியாக முன்னறைக்குக் கொண்டுபோனாள். நானும் பின்னாலேயே போனேன். சாமி படத்துப் பக்கம் ஒரு திரை உண்டு, போகிற போக்கில் அதை இழுத்து மூடினாள்.

பெரியவர் தட்டை வாங்கி மடியில் வைத்து, ஃபாயிலின் ஓரத்தை மெல்லப் பிரித்தார். உள்ளே வரிசையாக எலும்பு.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா தப்பான பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டாள். இத்தனை பாடுபட்டு, அப்பா கையுறை மாட்டி, சித்தப்பா விரலைச் சுட்டு, நான் ஆமையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசி, கடைசியில் எல்லாம் கெட்டது. சித்தப்பாவுக்கு இனிக் கல்யாணம் இல்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை விலக்கினாள்.

பெரியவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். வெளியே யாரோ பொட்டேட்டோ என்று கத்திச் சிரிப்பது கேட்டது.

"கெழங்கு சூடா இருக்கு ஐயா," என்றாள் அம்மா. "ஆற அமரச் சாப்பிடுங்க. இங்க ஒருத்தரும் வர மாட்டாவ."

சொன்னவள் அடுப்படிப் பக்கத்து நடையில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியவர் முற்றத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தார். சித்தப்பா ஆறு மாதமாகக் காற்றில் இழுத்துக் காட்டியது போலவே அது கழன்று வந்தது. முதல் வாயை ரொம்ப நேரம் மென்றார். இரண்டாவதை அப்படி மெல்லவில்லை. அதன் பிறகு அவருக்கு நான் இருப்பதே மறந்துவிட்டது. முன்பற்களால் கறியை வழித்து, எலும்பின் நுனியை உறிஞ்சி, விரல்களில் வழிந்த கருப்பட்டிச் சாற்றை ஒவ்வொன்றாகச் சப்பினார். காதோரத்து நரம்பு ஆடியது, மூக்கு நுனி வியர்த்தது. அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்ட ஒரு வயதான மனிதரை நான் பார்த்ததே இல்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வயிறு குளிர்ந்தது. நடுவில் ஒரு துண்டை எனக்கும் நீட்டினார். வெள்ளிக்கிழமை என்றேன். ஆமாம், மறந்துவிட்டேன் என்று அதையும் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கெழங்கு நம்ம ஊர்ல வெளையாது," என்றார் என்னிடம்.

ஆமாம் தாத்தா என்றேன். பாவம், வயதாகிவிட்டது, பார்வை மங்கிவிட்டது, கிழங்குக்குள் எலும்பு இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்று தீர்மானித்தேன். அம்மாவின் தவறு வெளியே தெரியாமல் போனதற்காகப் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். அவர் எலும்புகளையெல்லாம் ஃபாயிலுக்குள் வைத்து, ஓரம் பிசகாமல் மடித்துக் கொடுத்தார். அம்மாவே அதை வாங்கிப் போனாள். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார், ஒரு கிராம்பு கேட்டு வாங்கி மென்றார். நெற்றியில் திருநீறு கலைந்திருந்ததைப் பார்த்துப் புதிதாக இட்டுக்கொண்டார்.

அக்கா மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தார். சாப்பிட்டீர்களா அப்பா என்று கேட்கும்போதே அக்காவின் தாடையில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு ஒட்டியிருப்பதை நான் பார்த்துவிட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவிப்பதற்குள் பெரியவர் தோள் துண்டின் நுனியால் மகளின் தாடையைத் துடைத்துவிட்டார். சின்னக் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தார், எதுவும் கேட்கவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெழங்கு நல்லா வெந்துருக்கு," என்றார் பெரியவர். "தையிலேயே வச்சுக்கிடலாம்."

இது சித்தப்பாவின் காதில் விழுந்ததும் அவர் போட்ட கூச்சலில் மதில்மேல் இருந்த பூனைகள் குதித்து ஓடின. சூப்பர்வைசர் அவரை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்பா யோசிக்காமலே சிரித்தார். முற்றத்தில் யாரோ தகரத்தைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். நான் யாரும் கேட்காமலே ஆடினேன்.

புறப்படும் நேரம் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். பெரியவர் செருப்பை மாட்டியவர், ஏதோ நினைத்தது போலக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். சித்தப்பா காலில் விழுவதற்குத் தயாராக முன்னால் வந்து நின்றார். பெரியவர் அவரைத் தாண்டி, அப்பாவையும் தாண்டி, கதவோரம் நின்ற அம்மாவின் எதிரே போய் இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயில்லாப் பிள்ள. ஒன் கையில குடுத்துட்டுப் போறேன் தாயீ."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, மாப்பிள்ள அந்தா நிக்காங்க," என்று சித்தப்பாவைக் காட்டினேன். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண் தெரியாத மனிதர் ஆளை மாற்றிச் சொல்கிறார், நான் மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் சித்தியைத் தப்பான ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார் என்று, தூக்கம் வருகிறவரை எனக்குப் பெருமையாக இருந்தது.